காட்டு மண்ணும் கிணற்று நீரும்
நைதரசன் பற்றி ஒரு பாடம்



படுவான்கரையில் மீளக் குடியேறிய ஒரு கிராமத்தில், மாரிக்கு முந்திய ஓர் இரவில், நாம் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தோம். கூட்டம் முடியும் வேளையில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "பாதர், காடு வெட்டி நெருப்பு வைச்ச முதல் வருசம் சோளன் ஆளுக்கு மேலால வளர்ந்திச்சு. ரெண்டாம் வருசம் பாதி. மூணாம் வருசம் முழங்காலுக்கு மேல வரல்ல, எல்லாம் மஞ்சள். மண் மலடாப் போயிட்டா?" என்று கேட்டார்.

அவர் இருக்குமுன்னே ஒரு பாட்டி பேசத் தொடங்கினார். "எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி போலக் கிடக்கு. ஆனா பேரப்பிள்ளைக்கு அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுக்க வேணாம் எண்டு மிட்வைப் அம்மா சொல்லிப் போட்டா. கொதிக்க வைச்சாலும் கூடாதாம். இதென்ன புதுமை?"

ஒன்று மண்ணைப் பற்றிய கேள்வி, மற்றது நீரைப் பற்றிய கேள்வி. ஆனால் இரண்டுக்கும் விடை ஒன்றே. பெரியவரின் மண்ணிலிருந்து போனது எதுவோ, அதுவே பாட்டியின் கிணற்றுக்குள் வந்து சேர்ந்தது. அதன் பெயர் நைதரசன். அது எங்கிருந்து வருகிறது, காடு அதை எப்படிப் பிடித்து வைக்கிறது, பிடி தளர்ந்தால் மண்ணுக்கும் நீருக்கும் என்ன நேர்கிறது என்பவற்றை இப்பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. நைதரசன் என்பது என்ன?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன்தான். ஆனால் காற்றிலுள்ள நைதரசனை நெல்லும் சோளனும் நேரே எடுக்க இயலாது. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் நெல்லைப் போன்றது அது. கண்முன்னே இருக்கும், உண்ண முடியாது.

அந்தப் பூட்டைத் திறக்க இயற்கையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மின்னல். மற்றது பயறு, கௌபி, கச்சான் போன்ற அவரையினப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள். மூன்றாவது வழியை மனிதன் கண்டான். 1909இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் ஹாபர் என்ற இரசாயன அறிஞர், காற்றின் நைதரசனை அமோனியாவாக மாற்றும் முறையை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார். கார்ல் பொஷ் என்பவர் அதைப் பெருந்தொழிலாக்கினார். 1913இல் ஒப்பாவ் என்னும் இடத்தில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று எமது கைக்கு வரும் யூரியா அந்த முறையின் பிள்ளை.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். அதாவது 50 கிலோ மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. இந்த 23 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். பின்னர் தேவைப்படும்.

2. காடு எப்படிப் பிடித்து வைக்கிறது?

காட்டுக்கு யாரும் பசளை போடுவதில்லை. ஆனாலும் பாலையும் வீரையும் முதிரையும் ஆண்டாண்டு காலம் பசுமையாய் நிற்கின்றன. காடு தன் நைதரசனை வீணாக்குவதில்லை என்பதே அதன் இரகசியம்.

இலை விழுகிறது. கறையானும் புழுவும் பூஞ்சணமும் நுண்ணுயிரும் அதை உக்கச் செய்கின்றன. உக்கும்போது இலையிலிருந்த நைதரசன் முதலில் அமோனியமாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகிறது. உடனே மரவேர்கள் அதை உறிஞ்சி மீண்டும் இலைக்கு அனுப்புகின்றன. சம்பளம் வந்த அன்றே சாமான் வாங்கி வீட்டில் சேர்க்கும் சிக்கனமான குடும்பத்தைப் போல, காட்டின் கையில் சில்லறை தங்குவதில்லை. எனவே நல்ல காட்டிலிருந்து வரும் அருவி நீரில் நைத்திரேற்று மிகக் குறைவாகவே இருக்கும்.

அமோனியத்துக்கும் நைத்திரேற்றுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. களிமண் துணிக்கைகளும் உக்கலும் மறை மின்னேற்றம் உடையவை. அமோனியம் நேர் மின்னேற்றம் உடையது. ஆகவே அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றோ மண்ணைப் போலவே மறை மின்னேற்றம் உடையது. காந்தத்தின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளுவது போல மண் அதைத் தள்ளிவிடும். அதைப் பிடிக்க உயிருள்ள வேர் வேண்டும். வேர் இல்லையேல் மழைநீர் போகும் வழியே அதுவும் போய்விடும்.

போவது தனியாகவும் போவதில்லை. மறை மின்னேற்றம் உடைய ஒன்று நீரோடு போகும்போது, அதற்குச் சமமான நேர் மின்னேற்றமும் கூடவே போக வேண்டும். இது இரசாயன விதி. ஆகவே நைத்திரேற்று போகும்போது மண்ணிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் பொற்றாசியத்தையும் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. கல்சியம் என்பது சுண்ணாம்புச் சத்து. பொற்றாசியம் என்பது சாம்பற் சத்து. அவை விட்டுப்போன இடத்தில் அமிலம் வந்து குடியேறுகிறது. மண் புளிக்கிறது.

ஆக, நைத்திரேற்று கழுவப்பட்டால் மண்ணுக்கு நட்டம் மூன்று. நைதரசன் போகிறது, சுண்ணாம்பும் சாம்பற்சத்தும் போகின்றன, அமிலம் கூடுகிறது.

3. ஒரு பள்ளத்தாக்கில் நடந்த சோதனை

இது வெறும் புத்தக அறிவா, நேரில் கண்டதா என்று நீங்கள் கேட்கலாம். நேரில் கண்டதுதான். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ ஹம்ப்சயர் மாநிலத்தில் ஹபார்ட் புரூக் என்னும் காட்டுப் பள்ளத்தாக்கு உண்டு. ஜீன் லைகன்ஸ், ஹேர்பேர்ட் போர்மான் முதலிய அறிஞர்கள் 1963இல் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அந்தக் காடு சிறுசிறு நீரேந்து பிரதேசங்களாகப் பிரிந்திருந்தது. நீரேந்து பிரதேசம் என்பது, பெய்யும் மழையெல்லாம் ஒரே அருவியில் வந்து சேரும் நிலப்பரப்பு. எமது குளங்களின் மேற்பகுதிகளைப் போன்றது. ஒவ்வோர் அருவியின் வாயிலும் சிறிய அணை கட்டி, வரும் நீரின் அளவையும் அதிலுள்ள சத்துக்களையும் அவர்கள் அளந்தார்கள்.

1965ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ 39 ஏக்கர் கொண்ட ஒரு நீரேந்து பிரதேசத்தின் மரங்கள் அனைத்தையும் வெட்டி வீழ்த்தினார்கள். ஒரு தடியையும் வெளியே எடுக்கவில்லை. மண்ணையும் கிளறவில்லை. பின்வந்த கோடைகளில் களைகொல்லி தெளித்து, ஒரு புல்லும் தளிர்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். வேர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அறிவதே நோக்கம்.

முதலாம் ஆண்டில் அருவி நீரின் நைத்திரேற்று 41 மடங்கானது. இரண்டாம் ஆண்டில் 56 மடங்கானது. நீரில் கல்சியம் 417 வீதமும், பொற்றாசியம் 1,558 வீதமும் கூடின. அருவி நீரின் பி.எச். 5.1இலிருந்து 4.3க்கு இறங்கியது. பி.எச். என்பது அமிலத்தை அளக்கும் கோல். 7 நடுநிலை. அதற்குக் கீழே போகப்போக அமிலம். ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள்.

பசளை போட்டவர் யாருமில்லை. காடு நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த முதல், இரண்டே ஆண்டுகளில் அருவியோடு போகத் தொடங்கியது.

ஆனால் இந்தக் கதையின் கடைசிப் பகுதி நம்பிக்கை தருவது. 1969இல் களைகொல்லியை நிறுத்திக் காட்டை மீள வளரவிட்டார்கள். செடிகொடிகளும் இளமரங்களும் அடர்ந்து வந்தன. சில ஆண்டுகளிலேயே நைத்திரேற்றுக் கசிவு அடங்கிவிட்டது. பெருமரங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. உயிருள்ள வேர் எதுவானாலும் அது காவல்காரனே.

இப்போது அந்தப் பெரியவரின் சோளனுக்குத் திரும்புவோம். நெருப்பு வைத்தபோது மரத்திலும் சருகிலும் இருந்த நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போயிற்று. மிஞ்சிய சாம்பலில் சுண்ணாம்பும் பொற்றாசியமும் நிறைய இருந்தன. உக்கலில் தங்கியிருந்த நைதரசனும் வெப்பம்பட்டு ஒரேயடியாக வெளிவந்தது. இவற்றால் முதலாம் ஆண்டுச் சோளன் ஆளுயரம் வளர்ந்தது. அது விளைச்சல் மட்டுமன்று, முதலை எடுத்துச் செலவழித்ததுமாகும். அடுத்த இரண்டு மாரிகளில் மிச்சமும் வாய்க்காலில் இறங்கிவிட்டது. மண் மலடாகவில்லை. வெறுங்கையாக நிற்கிறது.

4. வானிலிருந்து வரும் அமிலம்

ஹபார்ட் புரூக்கில் அறிஞர்கள் எதிர்பாராத இன்னொன்றும் தெரியவந்தது. அங்கே பெய்த மழையே அமிலமாக இருந்தது. இயற்கையான மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைப்பதால் சிறிது அமிலமானதுதான். அதன் பி.எச். ஏறத்தாழ 5.6. ஆனால் அங்கே 1960களில் பெய்த மழையின் பி.எச். 4க்கும் 4.5க்கும் இடையில் இருந்தது. நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களின் கந்தகப் புகையும், வாகனங்களின் நைதரசன் புகையும் காற்றில் பல நூறு மைல் பயணித்து, கந்தக அமிலமாகவும் நைத்திரிக்கமிலமாகவும் காட்டின்மேல் இறங்கின. 'அமில மழை' என்ற சொல் அதற்கும் பழையது. மன்செஸ்டர் நகரின் புகையை ஆராய்ந்த ரொபேட் அங்கஸ் சிமித் 1872இல் அதைத் தம் நூலில் கையாண்டார்.

அமில மழை செய்ததும் அதே வேலைதான். மண்ணிலிருந்து கல்சியத்தைக் கழுவியது. கல்சியம் தீர்ந்த மண்ணில் அலுமினியம் கரையத் தொடங்கியது. கரைந்த அலுமினியம் வேரை நோகச் செய்யும், மீனின் செவுளை அடைக்கும். நோர்வேயிலும் சுவீடனிலும் பல ஏரிகள் கண்ணாடிபோல் தெளிந்தன, ஆனால் அவற்றில் மீன் இல்லை. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல என்பதை அந்த மக்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்கா 1970இலும் 1990இலும் சட்டமியற்றிப் புகையைக் கட்டுப்படுத்தியது. மழையின் அமிலம் குறைந்தது. ஆயினும் மண் உடனே மீளவில்லை. போன கல்சியம் பாறை கரைந்துதான் திரும்பிவர வேண்டும். அதற்கு ஒரு மனித ஆயுள் போதாது. 1999இல் அதே பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் கல்சியம் கொண்ட கனிமத்தை ஹெலிகொப்டரால் தூவிப் பார்த்த பின்னரே அங்குள்ள மரங்கள் தேறத் தொடங்கின. இழப்பது சில ஆண்டுகளில், மீட்பது பல தலைமுறைகளில்.

எமது நாட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை கட்டம் கட்டமாக இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்தின் புகை அநுராதபுரத்தில் அமில மழையாகப் பெய்யுமோ என்ற அச்சம் பத்திரிகைகளில் எழுந்தது. எமது மாரிமழையோ வங்காள விரிகுடாவைக் கடந்து வாடைக்காற்றோடு வருவது. ஆனால் வானத்து நைதரசன் புகைபோக்கியிலிருந்து மட்டும் வருவதில்லை. நின்ற நீரில் வீசிய யூரியாவின் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் ஏறுகிறது. மாட்டுப்பட்டியின் சிறுநீரிலிருந்து மூக்கைத் துளைக்கும் மணம் வருகிறதே, அதுவும் அமோனியாதான். அது காற்றோடு போய், மழையோடு காட்டிலும் குளத்திலும் இறங்குகிறது. 2019 ஒக்டோபரில் கொழும்பில் கூடிய நாடுகள், நைதரசன் வீணாவதை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று பிரகடனம் செய்தன. அது கொழும்புப் பிரகடனம் எனப்படுகிறது. அரசுகள் பெரிய கணக்கைப் பார்க்கட்டும். நாம் எமது வளவின் கணக்கைப் பார்ப்போம்.

5. எமது மண்ணின் இயல்பு

எமது மாவட்டத்தின் அடியிலுள்ளது விஜயன் தொகுதி எனப்படும் பழைய பாறை. பெரும்பாலும் கருங்கல் இனத்தது. யாழ்ப்பாணத்தைப் போல எமக்குச் சுண்ணக்கல் இல்லை. மேற்குப் பகுதியில் பரவலாகக் காணப்படும் மண்ணுக்கு ஆய்வாளர் இட்ட பெயரே 'சுண்ணாம்பற்ற பழுப்பு மண்' என்பதாகும். அதாவது அமிலத்தைத் தாங்கும் சுண்ணாம்புச் சேமிப்பு எமது நிலத்தில் குறைவு. வைப்புப் பணம் குறைந்த குடும்பம் ஒரு நோயிலேயே கடனாளியாவது போல, இந்த மண் சில மாரிகளிலேயே தளர்ந்துவிடும்.

மழையின் போக்கும் கவனிக்கத்தக்கது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் பிற்பகுதி முதல் ஜனவரி வரை கொட்டுகிறது. அதற்கு முன் நீண்ட கோடை. காய்ந்த மண்ணில் முதல் மழை பட்டதும் நுண்ணுயிர்கள் திடீரென விழித்து, உக்கலிலிருந்து ஏராளமான நைத்திரேற்றை வெளியிடுகின்றன. காட்டில் அந்நேரம் வேர்கள் ஆயத்தமாய் இருக்கின்றன. வெட்டி எரித்த சேனையிலும், உழுது புரட்டிய வயலிலும் அப்போது வேர் எங்கே? விதை முளைக்குமுன்னே அந்த ஆண்டின் சத்தில் நல்ல பங்கு வாய்க்காலில் போய்விடுகிறது.

போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். குடும்பிமலைப் பக்கத்துக் காடுகளும், உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் மேற்புறக் காடுகளும் எமது நீரின் பிறப்பிடங்கள். உன்னிச்சைக் குளத்து நீரே சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரின் குழாய்களில் வருகிறது. ஆறுகளும் வடிச்சல் வாய்க்கால்களும் வாவியில் முடிகின்றன. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட வாவிக்குக் கடலோடு உள்ள வாய்கள் ஒடுக்கமானவை. முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும் மாதங்களில் நீர் தேங்குகிறது. அப்போது வயலிலிருந்து வந்த நைதரசன் பாசிக்கு உணவாகிறது. பாசி பெருகி, இறந்து, அழுகும்போது நீரின் ஒட்சிசன் குறைந்து மீன் தவிக்கிறது. படுவான்கரையில் வீணாகும் யூரியாவுக்கு எழுவான்கரை மீனவரும் விலை கொடுக்கிறார்.

வயலில் நீர் நிற்கும்வரை நைத்திரேற்றின் ஒரு பகுதி நுண்ணுயிர்களால் மீண்டும் வெறும் நைதரசன் வாயுவாக மாறிக் காற்றோடு சேர்ந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சதுப்பும் கண்டற்காடும் செய்யும் பெரிய தொண்டு இதுவே. அவை நீரின் சிறுநீரகம் போன்றவை. ஆகவே மண் புளிப்பதும் கிணறு கெடுவதும் மிகுதியாக நேர்வது மேட்டுநிலத்தில், தோட்டத்தில், மணற்பாங்கான குடியிருப்பில்.

மேட்டுநிலத்தில் இடும் ஒவ்வொரு கிலோ யூரியா நைதரசனும் உண்டாக்கும் அமிலத்தை ஆற்ற, ஏறத்தாழ 1.8 கிலோ சுண்ணாம்பு வேண்டும் என்பது விவசாயிகள் பயன்படுத்தும் கணக்கு. ஒரு மூட்டையில் 23 கிலோ என்றோமே, அதற்கு 41 கிலோ சுண்ணாம்பு. நாம் மூட்டையை வாங்குகிறோம், சுண்ணாம்பை மண்ணிடம் கடனாக எடுக்கிறோம்.

6. கிணற்றுக்குள் என்ன நடக்கிறது?

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகிப் போக, அது சற்றுச் செறிவாகும். குளோரின் போட்டாலும் போகாது. மிட்வைப் அம்மா சொன்னது சரியே.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனமும் எமது நாட்டுத் தரநிர்ணயமும் வைத்த எல்லை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இது நீலக் குழந்தை நோய் எனப்படும். அத்தகைய அடையாளம் கண்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்கு இந்த அபாயம் இல்லை என்பதை எல்லாத் தாய்மாரும் அறிந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை கடந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். கற்பிட்டியின் மணல் தோட்டங்களிலும் அதே கதை. அங்கே சுண்ணக்கல், இங்கே மணல். இரண்டும் நீரைத் தடையின்றிக் கீழே விடுபவை.

பசளை மட்டுமே காரணமன்று. ஓர் ஆள் ஓர் ஆண்டில் 3 முதல் 4 கிலோ வரை நைதரசனை மலசலத்தோடு வெளியேற்றுகிறார். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் மலக்குழிக்குள் ஓர் ஆண்டில் போவது, ஏறத்தாழ முக்கால் மூட்டை யூரியாவுக்குச் சமம். 1990இலும், 2004 சுனாமிக்குப் பின்னும், 2006-2007இலும் எமது மக்கள் முகாம்களில் நெருக்கியடித்து வாழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பாடசாலை வளவில் வரிசையாகக் குழிகள், பக்கத்திலேயே கிணறு. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் புதிய வளவில் குழி வெட்டும்போது அந்த முகாமின் பழக்கத்தையும் கூட்டி வரக்கூடாது.

7. நாம் செய்யக்கூடியவை

இங்கே ஒரு நேர்மையான எதிர்ப்பேச்சு வருகிறது. அந்தக் கூட்டத்திலும் ஓர் இளைஞர் கேட்டார். "உறுதி இல்லாத காணி. அடுத்த வருசம் எங்க இருப்பமோ தெரியாது. நூறு வருசத்து மண்ணைப் பற்றி நாங்க ஏன் யோசிக்கோணும்?" அவரைக் குறைசொல்ல எமக்கு வாயில்லை. நாளை தன்னுடையதா என்று தெரியாத நிலத்தில் மரம் நடுமாறு ஒருவருக்குப் போதிப்பது எளிது, நடுவது கடினம். ஆகவே ஒரே போகத்தில் பலன் தருபவற்றை முதலிலும், காலம் எடுப்பவற்றைப் பின்னரும் சொல்கிறோம்.

ஒரே போகத்தில் பலன் தருபவை:

அ) யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். நெற்பயிர் போட்ட யூரியாவில் பொதுவாகப் பாதிக்கும் குறைவான நைதரசனையே எடுத்துக்கொள்கிறது. ஒரேயடியாக வீசுவதை மூன்று நான்கு தடவையாக, வேர் பிடித்த பின்னர், பயிரின் தேவையறிந்து இடுங்கள். இலை நிற அட்டை கிடைத்தால் அதனோடு இலையை ஒப்பிட்டுப் பாருங்கள். இலை கடும்பச்சையாக இருந்தால் அந்த முறை பசளை வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஒரேநாளில் கைவிடுவதும் தீர்வல்ல, அள்ளி வீசுவதும் தீர்வல்ல.

ஆ) மழை கறுத்து வரும்போது பசளை வீசாதீர்கள். வயலுக்கு இட்ட பின் சில நாட்களுக்கு வக்கடையைக் கட்டி வையுங்கள்.

இ) மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி விடுங்கள். மணல் நிலமாயின் 100 அடி நல்லது. நிலம் சரியும் பக்கத்தில் குழியும், மேட்டுப் பக்கத்தில் கிணறும் இருக்கட்டும். மாட்டுப்பட்டிக்கும் எருக்குவியலுக்கும் இதே விதி. கிணற்றைச் சுற்றித் தோட்டம் செய்து பசளை இடாதீர்கள்.

ஈ) கைக்குழந்தை உள்ள வீடுகள் கிணற்று நீரைச் சோதிப்பியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். நைத்திரேற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கிருமிச் சோதனை வேறு, இது வேறு. முடிவு வரும்வரை குழந்தைக்குக் குழாய்நீரோ சுத்தமாகச் சேர்த்த மழைநீரோ பயன்படுத்துங்கள்.

உ) சாணத்தைக் கூரையின் கீழ் குவித்து, வைக்கோலும் குப்பையும் கலந்து கூட்டெரு ஆக்குங்கள். மழையில் நனையும் சாணக்குவியல் கிணற்றுக்கே பசளை போடுகிறது. கூட்டெருக் குவியலை இடம் மாறினாலும் எடுத்துச் செல்லலாம்.

காலம் எடுப்பவை:

ஊ) பற்றைக் காணியைத் துப்புரவாக்கும்போது முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே பட்டி பட்டியாகப் பற்றையை விட்டு வையுங்கள். எரிக்காமல் சருகை நிலத்தில் பரப்பினால் சத்து மெல்ல மெல்ல இறங்கும். எரிக்கவே வேண்டுமாயின், சாம்பலை மழைக்கு முன் மண்ணோடு கலந்து உடனே விதையுங்கள்.

எ) அருவிக் கரையிலும் குளத்தின் மேற்புறத்திலும் நிற்கும் மருதையும் நாவலையும் நாணலையும் தொடாதீர்கள். வயலிலிருந்து தப்பிய நைத்திரேற்றைப் பிடிக்கும் கடைசிக் காவல் அவை.

ஏ) நிலத்தை வெறுமையாக விடாதீர்கள். அறுவடைக்குப் பின் ஈரம் இருக்கும்போதே பயறோ கௌபியோ தூவிவிடுங்கள். வேலிக்குக் கிளிசரியா நட்டு, தழையை வெட்டி மண்ணுக்கு இடுங்கள்.

ஐ) மேட்டுநில மண்ணை விவசாயப் போதனாசிரியர் மூலம் சோதித்து, அமிலம் கூடியிருந்தால் அவர் சொல்லும் அளவு டொலமைற்று இடுங்கள். சோதிக்காமல் இடுவது காசுக்கும் மண்ணுக்கும் நட்டம்.

8. முடிவாக

பெரியவரின் கேள்விக்கு விடை: மண் மலடாகவில்லை. வேர்கள் போனதால் அதன் சத்து நீரோடு போயிற்று. வேரைத் திருப்பிக் கொடுத்தால் கசிவு சில ஆண்டுகளில் நிற்கும். ஆனால் கழுவப்பட்ட சுண்ணாம்பு திரும்ப நெடுங்காலம் எடுக்கும். ஆகவே மிச்சமிருப்பதைக் காப்பதே முதல் வேலை.

பாட்டியின் கேள்விக்கு விடை: மண்ணிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் போனது கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றில் இருக்கிறது. பார்த்துத் தெளிய முடியாது, அளந்துதான் தெளிய வேண்டும்.

இளைஞரின் கேள்விக்கு எமது விடை இது. உறுதிக்கான கோரிக்கையை நாம் விடப்போவதில்லை, விடவும் கூடாது. காணி உறுதி கிடைக்கும் நாளில் அந்தக் காணியில் சத்துள்ள மண்ணும் குடிக்கத்தக்க நீரும் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம். வெறும் மணலுக்கு உறுதி வாங்கி என்ன பயன்?

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் பெய்யும் மழை எந்த வாய்க்கால் வழியாக எந்தக் குளத்தை அல்லது வாவியின் எப்பகுதியை அடைகிறது? நிலத்தில் வரைபடம் கீறிப் பாருங்கள்.

2. எமது வளவில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எருக்குவியலுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீடும் கயிறு பிடித்து அளந்து வாருங்கள்.

3. சென்ற பெரும்போகத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா, எத்தனை தடவையாகப் போட்டோம்? போட்ட பின் எத்தனை நாளில் பெருமழை வந்தது?

4. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகள் எவை? அவற்றின் கிணறுகளை முதலில் சோதிப்பிக்கக் குழுவாக என்ன செய்யலாம்?

5. இந்த ஆண்டு வெட்டாமல் விடக்கூடிய ஒரு பற்றைப் பட்டியை, ஓர் அருவிக் கரையை நாம் சேர்ந்து தெரிந்தெடுப்போமா?